மகாராணி பாடாத பாட்டு

இன்றைக்குத் தங்கையைப் பின்னணிப் பாடகி என்று வாய் நிறையச் சொல்கிற அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவளை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். யார் யார் கூப்பிட்டார்கள், எந்த இடத்தில் நின்று கூப்பிட்டார்கள், அப்போது பக்கத்தில் சிரித்தது யார் என்பதெல்லாம் அக்காவுக்கு மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அக்கா தையல்காரி. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தபோது, எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள். தெருவைப் பார்த்த முன்னறை தையல் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப்பக்கம் குடும்பம். வெட்டும் மேஜைக்கு அடியில், துண்டுத் துணிகள் குவிந்த இடத்தில், தங்கை ரேடியோவைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடப்பாள். வந்து போகிறவர்களின் செருப்பு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வாள். அந்த ஆள் போனதும் அதே குரலில் பேசிக் காட்டுவாள்.

மாடியில் வீட்டுக்காரம்மா. அந்த அம்மாளுக்குப் புருஷனை அதட்டாமல் பொழுது போகாது. ஒரு மத்தியானம் தங்கை மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, "ஏங்க, மோட்டார நிறுத்தினீங்களா இல்லையா? காதுல என்ன பஞ்சா?" என்று கத்தினாள். மனுஷன் முகத்தில் பாதி சவரம் செய்த நுரையோடு தடதடவென்று இறங்கி வந்தார். அதே நேரம் கடைப் பையோடு வாசலில் நுழைந்த வீட்டுக்காரம்மா, தன் குரல் தனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அம்மா தங்கையை வெளுத்து வாங்கினாள். தங்கை அழுதாள். அழுததும் வீட்டுக்காரம்மா அழுகிற மாதிரியே இருந்தது. அம்மாவால் அதற்கு மேல் அடிக்க முடியவில்லை. திரைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொந்தக் குரல் ஒன்றும் தங்கைக்கு இருந்தது. அதை அக்கா ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். கடை சாத்திய பிறகு ஊக்கு தைக்கும்போது, கை வேலையில் இருக்கும்போது, தங்கை அறியாமல் அது வெளியே வரும். கொஞ்சம் கனத்த குரல். கஞ்சி போகாத புதுத்துணி மாதிரி அடியில் ஒரு மொடமொடப்பு. இழுத்துக் குழைத்து எதுவும் செய்யாது, நேராகப் போகும். அந்தக் குரலில் ஒரு பாட்டு அவள் பெயரோடு ஊருக்குள் கேட்கவேண்டும் என்று அக்கா அப்போதே நினைத்துவிட்டாள். அக்கா ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மெல்லிசைக் குழுக்காரர் ஒத்திகைக் கூடம் வைத்திருந்தார். தங்கையைக் கூட்டிக்கொண்டு அக்கா அங்கே போனாள். தங்கை பயந்துபோய், ஊக்கு தைக்கும் குரலிலேயே பாடிவிட்டாள். குழுக்காரருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மூக்கால் ஒரு கனைப்புக் கனைக்கும் பழக்கம் உண்டு. கனைத்துவிட்டுச் சொன்னார்:

"இது யாரு? இத யார் கேப்பாங்க?"

மேளக்காரர் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற கிட்டார்க்காரரும் சிரித்தார்.

"யாரு மாதிரியாவது பாடத் தெரியுமாம்மா? சும்மா இப்படி ஒண்ணுமே இல்லாம பாடினா எப்படி?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போது பேர் எடுத்திருந்த பாடகிகள் ஒவ்வொருத்தி குரலிலும் ஒவ்வொரு வரி பாடினாள். நடுவில், கேட்காமலே, குழுக்காரர் குரலில் ஒரு கனைப்பும் கனைத்தாள். மேளக்காரரின் சிரிப்பு இந்தத் தடவை வேறு மாதிரி இருந்தது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். முதல் மேடையிலேயே குழுக்காரர் மைக்கைப் பிடித்து, "அடுத்து நம்ம ஜெராக்ஸ்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா வைத்த பெயரை அதற்குப் பிறகு வெளியில் யாரும் கேட்கவே இல்லை.

மேடையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனதும் இந்தப் பெயரோடுதான். அங்கே அவளால் ஆகாத வேலை கிடையாது. சோப்பு விளம்பரத்துக்குக் குழந்தைக் குரல். கார்ட்டூன் முயலுக்குக் கீச்சுக் குரல். பல் இல்லாத கிழவியாகத் தாலாட்டு. காலையில் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவளாக ஒரு கும்மாளப் பாட்டு, சாயந்தரம் சாவு வீட்டுப் பாட்டுக்கு விக்கி விக்கி அழுகை. கோரஸில் நிற்க ஒருத்தி வராவிட்டால், அந்த வராதவளின் குரலையும் சேர்த்துப் பாடிவிடுவாள். இவ்வளவையும் செய்துவிட்டு வெளியே வந்து, "அக்கா, பசிக்குது" என்பாள். அக்கா கூடத்து நடைபாதை பெஞ்சில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். கையில் எப்போதும் ஒரு ரவிக்கை, ஹெம்மிங் பாக்கியோடு.

பெரிய இசையமைப்பாளர் ஒருவர் அவளை ட்ராக் பாட வைத்துக்கொண்டார். புரியாதவர்களுக்காக: பெரிய பாடகிக்கு நேரம் கிடைக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதலில் வேறு ஒருத்தியை வைத்துப் பாட்டை முழுக்கப் பாடிப் பதிந்துவிடுவார்கள். அதுதான் ட்ராக். படப்பிடிப்புக்கூட அதை வைத்து நடந்துவிடும். பிறகு பெரிய பாடகி வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ட்ராக்கைக் கேட்டுக் கேட்டு வரி வரியாகத் தன் குரலில் பாடுவார். பாடி முடித்ததும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். காகித மாதிரியை வைத்து வெட்டிவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போடுகிற மாதிரி.

இங்கே பெரிய பாடகி ஒருவர்தான். கூடத்தில் எல்லோரும் மேடம் என்பார்கள். அக்காவும் தங்கையும் தங்களுக்குள் மகாராணி என்பார்கள். மகாராணி வரும் நாளில் நடைபாதையில் யாரும் இருமக்கூடாது.

மற்ற ட்ராக் பாடகிகள் மெட்டை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தங்கை அப்படிச் செய்யமாட்டாள். மகாராணி பாடவேண்டிய பாட்டு என்றால் மகாராணியாகவே பாடுவாள். மகாராணி மூச்சு எங்கே வாங்குவார், மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் எப்படி ஒரு மடக்கு விழுங்குவார், சரணத்தின் கடைசியில் எங்கே உதட்டோரம் சிரிப்பார், எல்லாம் வைத்துப் பாடுவாள். இசையமைப்பாளருக்கு அது சௌகரியம். "படத்துல வரப்போறது இப்பவே காதுல விழுது" என்று சந்தோஷப்படுவார். சந்தோஷப்பட்டாரே தவிர, ஒரு பாட்டு உனக்குத் தருகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அக்கா கேட்டபோது, "எந்தக் குரல்லம்மா தரச் சொல்றே? அதுக்கு ஒரு குரல்னு இருந்தாத்தானே?" என்றார். அதையும் அக்கா மறக்கவில்லை.

ஒரு நாள் காலை மகாராணி ஒரு பாட்டுக்காக வந்தார். வெளியூரிலிருந்து நேரே வந்த களைப்பு. நாற்காலியில் சாய்ந்து, ஹெட்போன் மாட்டாமலே, "போடுங்க" என்றார். ட்ராக் ஓடியது. மகாராணி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இத நான் போன மாசமே பாடிட்டேனே. எதுக்கு மறுபடி வரச்சொன்னீங்க?"

இசையமைப்பாளர் வாயைத் திறந்தார். அந்தக் கூடத்தில் அதுவரை மகாராணியிடம் நீங்கள் சொல்வது தப்பு என்று சொன்னவர் யாரும் கிடையாது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் அவசரப்பட்டிருக்கேன். பரவால்ல, இருக்கட்டும். இனிமே யாரு என்ன பாடினாங்கன்னு ஒழுங்கா பாத்து வெச்சுக்கோங்க. எனக்கு வேற வேலை இல்லையா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடைபாதையில் தங்கையைப் பார்த்து நின்றார். கோரஸ் பெண் என்று நினைத்தாரோ என்னவோ.

"சும்மா உக்காந்திருக்கியே, உள்ள என் பாட்டு ஓடுது, கேட்டியா? போய்க் கேளு. மூச்சு எங்க எடுக்கணும்னு அதப் பாத்துக் கத்துக்கோ."

"சரிங்க மேடம்" என்றாள் தங்கை. ஊசி அக்காவின் விரலில் ஏறியது.

மறுபடி மகாராணியைக் கூப்பிட இசையமைப்பாளருக்குத் தைரியம் வரவில்லை. படமும் தயாராகிவிட்டது. ட்ராக்கை அப்படியே வைத்து, மகாராணி பெயரைப் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். பாட்டு பற்றிக்கொண்டது. டீக்கடையில், ஆட்டோவில், மாடி வீட்டுக்காரம்மா ரேடியோவில், எங்கே திரும்பினாலும் அதுதான். மகாராணி ஒரு பேட்டியில், அன்று தனக்குக் கடுமையான காய்ச்சல் என்றும், அந்தக் காய்ச்சலோடு பாடியதால்தான் அந்த உருக்கம் வந்தது என்றும் சொன்னார். பாடவே இல்லாத பாட்டுக்குக் காய்ச்சல் வந்த பெருமை உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருக்கும்.

அக்கா தங்கையை இழுத்துக்கொண்டு இசையமைப்பாளர் அறைக்குப் போனாள். உள்ளே அவரோடு, பாடகிகளை ஏற்பாடு செய்கிற கோஆர்டினேட்டர் உட்கார்ந்திருந்தார்.

"இது என் தங்கச்சி பாடினது. உங்களுக்கும் தெரியும். அவ பேரப் போடுங்க."

"யாரும்மா நம்புவாங்க?" என்றார் கோஆர்டினேட்டர்.

"பாடிக் காட்டச் சொல்றேன். பாடுடி."

தங்கை பாடினாள். இசைக்கருவி எதுவும் இல்லாமல், நின்ற இடத்தில், பாட்டில் எப்படி வந்ததோ இழை பிசகாமல் அப்படியே பாடினாள். விழுங்கல், மூச்சு, சிரிப்பு எல்லாம் அந்தந்த இடத்தில் விழுந்தது. ரெண்டாவது சரணத்து அவசரம்கூட. கோஆர்டினேட்டர் கையைத் தட்டினார்.

"அச்சு அசலா மேடம் மாதிரியே இருக்கு. அதான் ஜெராக்ஸ். பாட்டு வந்ததுக்கப்புறம் அதக் கேட்டுட்டு இந்தத் தெருவுல எத்தன பொண்ணு இப்படிப் பாடுது? இது கொஞ்சம் நல்லா பாடுது. அவ்வளவுதானே?"

இசையமைப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அக்கா திட்டினாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கடைசியில் தங்கையையே திட்டினாள்.

"ஒரு இடத்துலயாவது பிசகியிருக்கக் கூடாதாடி? அங்க ஒரு சின்னத் தப்பு பண்ணியிருந்தா இதுதான் என் குரல்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாம். அவங்களோட தப்பக்கூட அவங்க மாதிரியே பண்றியே."

"தப்பு பண்ண வரலக்கா."

"வராது. ஊர்ல இருக்கறவங்க குரல் எல்லாம் வரும், உன்னோடது மட்டும் வராது."

"உன்னோடதும் வரும்" என்றாள் தங்கை. அப்புறம் அக்காவின் குரலிலேயே, "வராது. ஊர்ல இருக்கறவங்க குரல் எல்லாம் வரும்" என்று திருப்பிச் சொன்னாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரை முறைத்தாள்.

வீட்டுக்கு வந்து, மெஷினில் நூல் கோர்த்துக்கொண்டே அக்கா சொன்னாள். "இனிமே ட்ராக் பாடினா, ஊக்கு தைக்கறப்ப பாடற மாதிரி பாடு. இல்லன்னா போகாத."

"வெரட்டிடுவாங்க."

"வெரட்டட்டும். இன்னொரு மெஷின் வாங்கிப் போடறேன், ஒக்காந்து தை."

அடுத்த ட்ராக் நாளில் இசையமைப்பாளர் வேறு கூடத்தில் வயலின்காரர்களோடு சண்டையில் இருந்தார். ஒலிப்பதிவாளர் மட்டும்தான். அவர் அதிகம் பேசாத ஆள். தங்கை மைக் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாடினாள். விழுங்கல் இல்லை, சிரிப்பு இல்லை. அடியில் அந்த மொடமொடப்பு மட்டும் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் பேசினார்.

"மேடம் மாதிரி இல்லையே."

"இல்ல சார்."

"சரி" என்று பதிந்துகொண்டார்.

மகாராணி வந்த அன்றுதான் இசையமைப்பாளர் அதை முதல்முதலாகக் கேட்டார். முகம் கறுத்தது. ஆனால் வேறு ட்ராக்குக்கு நேரமில்லை. மகாராணி ஹெட்போனை மாட்டி, ஒரு வரி கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"யாரிது? சளி பிடிச்ச மாதிரி. சரி, ஓட்டுங்க."

கதவு சரியாகச் சாத்தவில்லை. பெஞ்சிலிருந்த இருவருக்கும் எல்லாம் கேட்டது. மகாராணி முதல் வரி பாடினார். ஸ்வரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு மொட்டையாக வந்தது. மறுபடி பாடினார். மூச்சு நடு வார்த்தையில் வந்து முட்டியது. சிரிப்பை ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தார், அதைவிட மோசம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. அக்கா ஹெம்மிங்கை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். தங்கையும் அப்போதுதான் புரிந்துகொண்டவள் மாதிரி அக்காவைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக எங்கே விழுங்குவது, எங்கே சிரிப்பது என்பதை மகாராணி யோசித்ததே இல்லை. ட்ராக்கில் கேட்டதை அப்படியே திருப்பிப் பாடியிருக்கிறார். ஒரு காலத்தில் அவரிடமிருந்து தங்கை எடுத்ததுதான். ஆனால் இத்தனை நாளும் புதுப்புதுப் பாட்டில் அதை அளவெடுத்து வைத்துத் தைத்துக் கொடுத்தவள் தங்கை.

ஹெட்போனைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

"ட்ராக் சரியில்ல. எப்பவும் பாடற பொண்ணக் கூப்பிடுங்க. அது பாடினாத்தான் எனக்குப் பாட்டு புரியுது."

இசையமைப்பாளருக்கு அன்று பொறுமை போய்விட்டது. "இதுவும் அதே பொண்ணுதான் மேடம்" என்றார்.

"அப்ப நல்லா பாடினது?"

"அது உங்கள மாதிரி பாடினது."

மகாராணி முட்டாள் இல்லை. அவர் மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அப்ப அன்னிக்கு நான் கேட்டது? ஊரெல்லாம் ஓடுதே, அது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என்னக் கூட்டி வெச்சு என்னையே கோமாளி ஆக்கியிருக்கீங்க" என்று ஆரம்பித்து, அவர் சொன்னதில் பாதி எழுதக்கூடியதில்லை. வெளியே வந்தவர் நேராகத் தங்கை முன்னால் நின்றார். இந்தத் தடவை ஆளைத் தெரிந்துகொண்டு நின்றார்.

"நீதானா? இனிமே என்னை மாதிரி நீ எங்கயும் பாடக்கூடாது."

தங்கை எழுந்து நின்றாள். யாருடைய குரலும் எடுக்காமல், ஊக்கு தைக்கும் குரலில் சொன்னாள்.

"சரிங்க மேடம். நீங்களும் என்னை மாதிரி பாடாதீங்க."

அக்கா தன் வாழ்நாளில் ரவிக்கையை மடியிலிருந்து கீழே போட்டது அந்த ஒரு தடவைதான்.

மகாராணி போய்ப் படக்கம்பெனிகளில் எல்லாம் இசையமைப்பாளரை மோசக்காரன் என்று சொன்னார். இசையமைப்பாளர் பதிலுக்கு, அந்த அம்மாளுக்குக் குரல் போய்விட்டது என்று சொன்னார். ரெண்டு பேரும் மாறி மாறிச் சேறு பூசிக்கொண்டார்கள். கடைசியில் அவர் தங்கையையும் அக்காவையும் கூப்பிட்டனுப்பினார்.

"அவங்க இல்லாம என் பாட்டு ஓடாதாமே? ஓடுதா இல்லையான்னு பாத்துடறேன். அவங்க சளி பிடிச்ச மாதிரின்னாங்களே, அந்த ட்ராக்கையே வெளியிடப் போறேன்."

"அவ நல்லா பாடினதுக்காக இல்ல" என்றாள் அக்கா.

"எதுக்கா இருந்தா உங்களுக்கென்ன? ஆமா, இவ பேரு என்ன?"

அத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான். அக்கா சொன்னாள். அவர் தப்பாக எழுதினார். அக்கா எழுத்து எழுத்தாகச் சொல்லி, அடித்து எழுத வைத்து, மேலே குனிந்து சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தாள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

பாட்டு முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. "யாருது இந்தக் குரல்?" என்று கேட்டார்கள். யாரைப்போல என்று சொல்ல முயன்றார்கள், ஒரு பெயரும் ஒட்டவில்லை. பிறகு டீக்கடை, ஆட்டோ, மாடி ரேடியோ எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. அதன் பிறகு அவள் சொந்தக் குரலையே கேட்டு ஆள் வந்தது. கிழவிக்கும் முயலுக்கும்கூடக் கூப்பிட்டார்கள், அதற்கும் போனாள். காய்ச்சல் பாட்டு இன்றும் மகாராணி பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதை எந்த மேடையிலும் பாடுவதில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார்.

போன மாதம் ஒரு சாயந்தரம் கடை வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. ஒரு கனைப்பு. அக்கா தலையைத் தூக்காமலே தெரிந்துகொண்டாள். குழுக்காரர் தலை நரைத்துப்போயிருந்தார்.

"நல்லா இருக்கியாம்மா? தங்கச்சி எங்கயோ போயிடுச்சு. அன்னிக்கே நான் சொன்னேன், இது பெரிய ஆளா வரும்னு."

"என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. என்ன வேணும்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல. மேடையில எல்லாரும் தங்கச்சி பாட்டத்தான் கேக்கறாங்க. புதுசா ஒரு பொண்ண சேத்திருக்கேன். யாரு மாதிரி வேணும்னாலும் பாடும். ஆனா இந்தக் குரல் மட்டும் பிடிபட மாட்டேங்குது. மேல என்னவோ வந்துடுது, அடியில இருக்கற அந்தக் கரகரப்பு வர மாட்டேங்குது. தங்கச்சி ஒரு நாள் வந்து காட்டிக் கொடுத்தா..."

அக்கா பெடலை நிறுத்தினாள். இவ்வளவு காலமாக அவருக்காக எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன. எதை முதலில் விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. மூக்கால் கனைக்கிற அந்தக் கனைப்பு. அதைத் தொடர்ந்து குழுக்காரரின் குரல், நரைக்காத காலத்துக் குரல், சாவதானமாக வந்தது.

"இது யாரு? இத யார் கேப்பாங்க?"

குழுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். எழுந்து செருப்பைத் தேடினார். கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அக்கா பெடலை மிதித்தாள். திரைக்குப் பின்னால் தங்கை ஊக்கு தைத்துக்கொண்டு பாட ஆரம்பித்திருந்தாள்.